காலியாக விட்ட கட்டம்

கார்குழலியின் மேசையில் அந்தச் சிவப்புக் கைப்பிடிக் கத்தரிக்கோல் மூன்று முறை தொங்கியிருக்கிறது.

உப்பளம் என்ற பகுதியில், விளையாட்டரங்குக்குப் பின்பக்கம், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அவர் வேலை பார்த்த மென்பொருள் அலுவலகம் இருந்தது. மொத்தம் ஒன்பது பேர். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு எல்லோரும் பெரிய திரைக்கு முன்னால் உட்கார வேண்டும். அந்த வாரம் எழுதிய நிரலில் ஒரு துண்டை ஒவ்வொருவரும் காட்டுவார்கள். ஏழு வரியை மூன்றாக்க முடியுமா, மூன்றை ஒன்றாக்க முடியுமா என்று பார்ப்பதுதான் போட்டி. அதிக வரிகளை ஒழித்தவருடைய மேசையில் அடுத்த வெள்ளிக்கிழமை வரை கத்தரிக்கோல் தொங்கும். காகிதம் வெட்டக்கூட அதைக் கழற்றக் கூடாது.

இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் முதலாளி கமலக்கண்ணன். தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்ததால் தெருவில் அவர்கள் வீட்டுக்குச் சொல்தா வீடு என்று பெயர். இவரும் பிரான்சில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு வந்தவர். கெட்ட மனிதர் அல்ல. நீளமாக எழுதுகிறவர்களுக்கு யோசிக்கத் தெரியாது என்று நம்புகிறவர், அவ்வளவுதான்.

கார்குழலி நீளமாக எழுதுகிறவராகத்தான் அங்கே போய்ச் சேர்ந்தார். அப்பா கலியமூர்த்தி பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடிய பிறகு ஒரு திருமண மண்டபத்தில் காவலாளி. மகள் படித்தது முதலியார்பேட்டையில் தமிழ்வழி அரசுப் பள்ளி, பிறகு அரசுக் கல்லூரி. நாளைக்கு வேறொருவர் படித்தாலும் புரிய வேண்டும் என்று கல்லூரி ஆசிரியை சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு நிபந்தனையையும் தனி வரியில், மூச்சு விட இடம் வைத்து எழுதுவார். முதல் வெள்ளிக்கிழமையே அது திரைக்கு வந்தது. கமலக்கண்ணன் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார்.

"என்னம்மா இது, தெருக்கூத்தா? விடியற வரைக்கும் போவுது."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நிரல் பற்றிய அறிவு கால் பங்குதான் இருந்தது. மிச்சம் முக்கால் பங்கு, அவர் எந்தப் பள்ளியிலிருந்து வந்தார் என்பதைப் பற்றியது. இந்த நாட்டில் ஒருவருடைய பள்ளியைச் சொல்லிச் சிரிப்பதற்கு ஆயிரம் நாகரிகமான வழிகள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

அவர் பைத்தானில்தான் எழுதினார். அந்த நிரல்மொழியில் ஒரு நிபந்தனையை இரண்டு விதமாகச் சொல்லலாம். ஒன்று, படிப்படியாக: இப்படி இருந்தால் இதைச் செய், அப்படி இருந்தால் அதைச் செய், இரண்டும் இல்லையென்றால் வேறொன்றைச் செய். மற்றது, எல்லாவற்றையும் ஒரே வரியில் மடக்குவது. மடக்கும்போது வரிசை மாறிவிடும். முதலில் முடிவு வரும். பிறகு 'இஃப்', அதன் பின்னால் நிபந்தனை. கடைசியில் 'எல்ஸ்' போட்டு மாற்று முடிவு. தீர்ப்பை வாசித்துவிட்டு விசாரணையைத் தொடங்குவது போல. இரண்டே பக்கம் உள்ள கேள்விக்கு அதைவிடக் கச்சிதமான கருவி கிடையாது. உலகத்தில் இரண்டே பக்கம் உள்ள கேள்விகள் குறைவு என்பதுதான் சிக்கல்.

கார்குழலி ஆறு மாதம் அதையே பழகினார். பேருந்தில் நின்றுகொண்டு போனில் பழகினார். தூக்கத்தில்கூட வாக்கியங்களை மடக்கினார். முதல்முறை கத்தரிக்கோல் கிடைத்தபோது அதைப் படம் எடுத்து வந்து அப்பாவிடம் காட்டினார். கலியமூர்த்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, எழுதுவதற்குச் சம்பளமா அழிப்பதற்குச் சம்பளமா என்று கேட்டார். அலுவலகத்தில் இனி யாரும் தெருக்கூத்து என்று சொல்ல மாட்டார்கள் என்பதே அன்றைக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்த ஆண்டு 'துணைக்கரம்' என்ற அறக்கட்டளையின் வேலை வந்தது. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களின் வீட்டுக்கே செவிலியரை அனுப்பும் அமைப்பு அது. சிறுநீர்க் குழாய் மாற்றுவது, படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப்போடுவது, வலிக்கு மாத்திரை கொடுப்பது. நோயாளிகள் இருநூற்று முப்பது பேர், செவிலியர்கள் நான்கே பேர். அதனால் எந்த வாரம் யார் வீட்டுக்குப் போவது என்ற பட்டியலை ஒரு நிரல் திங்கட்கிழமை காலையில் தயார் செய்ய வேண்டும். அந்த நிரலைக் கார்குழலி எழுதினார். அதற்கான விவரங்களைக் களப்பணியாளர்கள் மாதம் ஒருமுறை வீடு வீடாகப் போய், போனில் உள்ள படிவத்தில் நிரப்புவார்கள். படிவத்தில் ஒரு கட்டத்தின் பெயர் வலி. பூச்சியத்திலிருந்து பத்து வரை ஓர் எண்.

எழுதுவதற்கு முன் நேரில் பார்க்க வேண்டும் என்று கார்குழலி கேட்டு வாங்கிக்கொண்டு, களப்பணியாளர் அஞ்சலாட்சியின் ஸ்கூட்டர் பின்னால் ஒரு நாள் முழுக்கச் சுற்றினார். அஞ்சலாட்சிக்கு நாற்பத்தாறு வயது. திருக்கனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு நகரத்துக்கு வேலைக்கு வருகிறவர். நெல்லித்தோப்பில் ஒரு வீட்டில், வலி பத்துக்கு எவ்வளவு என்று ஓர் அம்மாளிடம் கேட்டார். பத்துக்குப் பதினைந்து போட்டுக்கொள், ஒரு நர்ஸாவது ஓடி வருவாள் என்றார் அந்த அம்மாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

அடுத்த சந்தில் பக்கிரியின் வீடு. முன்பு மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மனைவி பாக்கியலட்சுமி வீட்டு வேலைக்குப் போயிருந்தார். அஞ்சலாட்சி பக்கிரியைப் புரட்டி முதுகைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், படிவத்தை நிரப்பினார். வலிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டார். ஏன் என்று கார்குழலி கேட்டார்.

"வாய் பேசறவங்க சொன்னா போடுவேன் கண்ணு. இவரு வலிக்கு நம்பர் போட நான் யாரு?"

பயிற்சியிலும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நோயாளி சொன்னதை மட்டும் எழுது, நீயாக எதையும் எழுதாதே. அந்தக் கட்டம் காலியாக இருந்தது அஞ்சலாட்சியின் சோம்பலால் அல்ல, நேர்மையால்.

அன்று மாலை கார்குழலி ஏழு வரி எழுதினார். வலி ஒன்று அல்லது அதற்கு மேல் என்றால் வாரா வாரம் செவிலியர் போக வேண்டும். பூச்சியம் என்றால் அடுத்த மாதம் பார்க்கலாம். கட்டம் காலியாக இருந்தால் கட்டாயம் அந்த வாரமே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மூன்று பக்கம் உள்ள கேள்விக்கு மூன்று பக்கம் உள்ள விடை. ஐந்து மாதம் அது ஒழுங்காக ஓடியது. பக்கிரியின் வீட்டுக்கு வாரா வாரம் செவிலியர் போனார்.

ஜனவரி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. கார்குழலியின் மேசைக்குக் கத்தரிக்கோல் வந்து வெகு நாள் ஆகியிருந்தது. புதிதாகச் சேர்ந்த நிலவன் என்ற இளைஞர் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருந்தார். கமலக்கண்ணன் அந்த ஏழு வரியைத் திரையில் போட்டார். பழைய கூத்து இன்னும் முடியவில்லையா என்று கேட்டார்.

காது சூடேறுவது கார்குழலிக்குத் தெரிந்தது. எழுந்து போய், எல்லோர் முன்னாலும், விசைப்பலகையை இழுத்து ஏழையும் அழித்தார். ஒரே வரி. வாரப் பட்டியல், இஃப் வலி, எல்ஸ் அடுத்த மாதம். கைதட்டினார்கள்.

நிலவன் மட்டும், "கட்டம் காலியா இருந்தாக்கா?" என்றார்.

"காலியா யாரு விடப் போறா?" என்றார் கார்குழலி.

அஞ்சலாட்சியின் பின்னால் உட்கார்ந்து போன அதே கார்குழலிதான் சொன்னார். மறந்துவிட்டார் என்று சொல்லலாம். அந்த நேரத்தில் நினைவுக்கு வராமல் பார்த்துக்கொண்டார் என்றும் சொல்லலாம். பிறகு அவரே இரண்டாவதைத்தான் ஒப்புக்கொண்டார். இருபது மாதிரிப் பெயர்களை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்றில்கூடக் காலிக் கட்டம் இல்லை. சரியாக ஓடியது. கத்தரிக்கோல் வந்து சேர்ந்தது.

இப்படி எழுதினால் பைத்தான் பூச்சியத்தையும் வெறுமையையும் வேறாகப் பார்க்காது. இரண்டையும் 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும். வலி இல்லை என்று சொன்னவரும், வலியைச் சொல்ல வாய் இல்லாதவரும் அந்த வரியில் ஒரே பக்கம் போய் விழுந்தார்கள்.

பிப்ரவரியில் பக்கிரியின் வீட்டுக்குச் செவிலியர் வரவில்லை. முதல் வாரம் பாக்கியலட்சுமி காத்திருந்தார். இரண்டாம் வாரம் அறக்கட்டளைக்குப் போன் செய்தார். பட்டியலில் பெயர் இல்லை, சிஸ்டம் எடுக்கவில்லை, அடுத்த மாதம் வரும் என்றார்கள். மூன்றாம் வாரம், வேலை செய்யும் வீட்டில் கெஞ்சி நேரம் வாங்கிக்கொண்டு நேரிலேயே போனார். அதே பதில்.

"அதுகிட்ட ஒரு தடவ கேட்டுப் பாருங்களேன்மா," என்றாராம் பாக்கியலட்சுமி.

அதையெல்லாம் கேட்க முடியாது என்று மேசையில் இருந்தவர் சிரித்தாராம். பாக்கியலட்சுமி வீட்டுக்கு வந்து, தன் தலையெழுத்து என்று சொல்லிக்கொண்டு, வெந்நீரில் துணி நனைத்துப் புண்ணைத் தானே துடைத்தார்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். மழை பொய்த்தால், பிள்ளை செத்தால், அது மேலே எழுதியது, கேள்வி கேட்காதே என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வைத்தார்கள். அந்தப் பேச்சை ஒருவழியாக எதிர்த்துப் பேசப் பழகும்போது, அதே இடத்தில் ஒரு கணிப்பொறியைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டோம். அதற்கும் முன்னால் ஏழை கைகட்டி நிற்க வேண்டும். அந்த வரியை மேலே யாரும் எழுதவில்லை. உப்பளத்தில், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மாதச் சம்பளம் வாங்கும் ஒரு மனிதர் எழுதியது. அவருக்குப் பெயர் உண்டு, போன் எண் உண்டு. அவரைக் கேட்டிருக்கலாம். கேட்க முடியும் என்று பாக்கியலட்சுமிக்கு யாரும் சொல்லவில்லை.

மார்ச் முதல் வாரம் அஞ்சலாட்சி படிவம் நிரப்பப் போனபோது வாசலிலேயே வாடை தெரிந்துவிட்டது. முதுகின் அடிப்பகுதியில் புண் எலும்பு வரைக்கும் போயிருந்தது. உடம்பு கொதித்தது. ஆம்புலன்ஸ் சந்துக்குள் வராது. நான்கு பேர் கட்டிலோடு தூக்கிப்போய் ஏற்றி, கதிர்காமம் மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

அறக்கட்டளை காரணம் கேட்டு அலுவலகத்துக்கு எழுதியது. கமலக்கண்ணன் விவரத்தைத் திறந்து பார்த்தார். வலிக் கட்டம் காலி. களப்பணியாளர் நிரப்பவில்லை என்று அன்றே பதில் அனுப்பினார். அஞ்சலாட்சியை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அலுவலகத்திலிருந்து முழு அறிக்கை வந்ததும் நீக்குவதாக முடிவு. அறிக்கையை எழுத வேண்டியவர் கார்குழலி.

அஞ்சலாட்சி மறுநாள் இரண்டு மாடி ஏறி வந்தார். சண்டைக்கு வரவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஓரமாக நின்றார்.

"நான் எப்பவும் அந்தக் கட்டத்தக் காலியாத்தான் கண்ணு விடறேன். நீ பாத்திருக்க. அஞ்சு மாசம் நர்ஸம்மா போனாங்களே, போன மாசம் மட்டும் ஏன் போவல? அத மட்டும் கேட்டுட்டுப் போறேன்."

கார்குழலி வாய் திறப்பதற்குள் கமலக்கண்ணன் எழுந்து வந்தார். கட்டம் இருப்பது நிரப்புவதற்குத்தானே, நிரப்பாதது யார் தப்பு என்று மரியாதையாகவே கேட்டார். அஞ்சலாட்சி அவரைப் பார்க்கவில்லை. கார்குழலியையே பார்த்துக்கொண்டிருந்தார். கார்குழலி தரையைப் பார்த்தார். அஞ்சலாட்சி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

நிரலில் யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார்கள் என்ற பதிவு எப்போதும் இருக்கும். கார்குழலி அதைத் திறந்தார். ஜனவரி, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு இருபது. சிவப்பில் அழித்த ஏழு வரி, பச்சையில் சேர்த்த ஒரு வரி, பக்கத்தில் தன் பெயர். பிறகு, பிப்ரவரியில் காலிக் கட்டத்தால் விடுபட்டவர்களைத் தேடினார். பதினொரு பேர். பக்கவாதக்காரர்கள், தொண்டையில் புற்றுநோய் வந்தவர்கள், பிறந்ததிலிருந்தே பேசாத ஒரு சிறுமி. வாய் பேசுகிறவர் ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இல்லை. அம்மாவாசை என்ற எழுபத்தொரு வயதுக்காரர் பெயருக்கு எதிரே, பிப்ரவரி பத்தொன்பது, இறப்பு என்று இருந்தது. செவிலியர் போயிருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. நேரம் வந்துவிட்டது என்று அந்த வீட்டில் சொல்லியிருப்பார்கள். யாரும் யாரையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவர் கமலக்கண்ணனிடம் போய்ப் பதிவைக் காட்டினார். கமலக்கண்ணன் நெடுநேரம் பார்த்தார். முகம் வெளுத்துத்தான் போயிற்று.

"உன் பேர் எங்கயும் வராது," என்றார். "களத்தில் தகவல் முழுமையாகப் பதியப்படவில்லைன்னு ஒரே வரி எழுது. போதும்."

"அது ஒரு வரில அடங்காது சார்."

"நானும்தான் அன்னிக்குக் கைதட்டுனேன். அதுக்காக ஒன்பது பேர் வீட்டு அடுப்ப அணைக்கணுமா? யோசிச்சுப் பாரு. அந்தம்மாவுக்கு ஊர்ல நிலம் இருக்கு, மாடு இருக்கு."

அது பொய்யான கவலை அல்ல. அறக்கட்டளை கைவிட்டால் அலுவலகம் தள்ளாடும். கார்குழலியின் வீட்டிலும் அவர் சம்பளத்தில்தான் எல்லாம் நடந்தது. பஞ்சுத் தூசியில் கெட்ட அப்பாவின் நுரையீரலுக்கு மாதா மாதம் மருந்து வேண்டும். ஆனால் நிலம் இருக்கிறது, மாடு இருக்கிறது என்ற பேச்சு அவருக்கு எங்கோ கேட்டதாக இருந்தது. ஆலையை மூடியபோது அப்பாவிடமும் இதே மாதிரிதான் சொன்னார்களாம். உனக்கென்ன, தெம்பு இருக்கிறது, எங்கேயாவது பிழைத்துக்கொள்வாய் என்று. இன்னொருவர் எப்படியாவது பிழைத்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில்தான் எல்லா அநியாயமும் நிம்மதியாகத் தூங்குகிறது.

அவர் இருக்கைக்குத் திரும்பி முதலில் பழைய ஏழு வரியை மீண்டும் வைத்தார். பட்டியலை ஓட்டினார். விடுபட்ட பெயர்கள் மேலே ஏறி வந்து நின்றன. அம்மாவாசையின் பெயரை அவரே கையால் எடுக்க வேண்டியிருந்தது. பக்கிரி மருத்துவமனையில் இருந்தார். மற்ற ஒன்பது வீடுகளுக்கும் அன்று மதியத்துக்குள் செவிலியர்கள் கிளம்பினார்கள். பிறகு அறிக்கை எழுதினார். இரண்டு பக்கம். முதலில் எழுதியது எது, மாற்றியது எது, எந்த நாள், யார் கேட்டார், என்ன பதில் சொன்னேன், யார் விடுபட்டார்கள். காலியாக விடுவது பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது என்பதையும், அஞ்சலாட்சி அதை முன்பே தன்னிடம் விளக்கியிருந்தார் என்பதையும் எழுதினார். கீழே தன் பெயர். அறக்கட்டளையின் நிர்வாகி ஹேமலதாவுக்கும் கமலக்கண்ணனுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினார்.

கமலக்கண்ணன் சத்தம் போடவில்லை. அடையாள அட்டையைக் கேட்டார். கார்குழலி கழற்றிக் கொடுத்தார். இறங்கும்போது நிலவன் படிக்கட்டு வரை கூட வந்தார். அன்றைக்கு இன்னொரு தடவை அழுத்திக் கேட்டிருக்கணும்க்கா என்றார். ஆமாம், கேட்டிருக்கணும் என்றார் கார்குழலி.

அஞ்சலாட்சியை வேலைக்குத் திரும்ப அழைத்தார்கள். கடிதத்தில் வருத்தம் என்ற சொல்கூட இல்லை. அம்மாவாசையின் வீட்டுக்கு யாரும் போகவில்லை. அலுவலகமும் மூடவில்லை. படிவத்தை மட்டும் மாற்றினார்கள். இனி வலிக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. எண் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். பேசாதவர்களின் வலிக்கு யார் எண் போடுவது என்ற கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, கேள்வி எழ இருந்த இடத்தை மட்டும் அடைத்துவிட்டார்கள்.

கார்குழலி வேறு வேலை தேடினார். பழைய இடத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்கும்போதெல்லாம் நடந்ததைச் சொன்னார். நல்லது, தகவல் சொல்கிறோம் என்றார்கள்.

பக்கிரி ஆறு வாரம் மருத்துவமனையில் இருந்தார். அங்கே போகக் கார்குழலிக்கு நான்கு வாரம் ஆயிற்று. இரண்டு முறை வாசல் வரை போய்த் திரும்பியிருந்தார். மூன்றாம் முறை அஞ்சலாட்சி கையைப் பிடித்து அழைத்துப் போனார். போகும் வழியில், புதுப் படிவத்தில் என்ன எண் போடுகிறீர்கள் அக்கா என்று கார்குழலி கேட்டார்.

"பத்து," என்றார் அஞ்சலாட்சி. "பேசாதவங்க எல்லாருக்கும் பத்து. தப்புன்னா அவங்களே வந்து சொல்லட்டும்."

பாக்கியலட்சுமி கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். கார்குழலி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எது நிரல், எது வரி என்று விளக்க முயன்று, பாதியில் விட்டுவிட்டு, பட்டியலிலிருந்து பெயரை எடுத்தது நான்தான் என்று முடித்தார். பாக்கியலட்சுமி மடிப்பதை நிறுத்தவில்லை.

"வாய் பேசலன்னா வலிக்காதுன்னு எழுதினது நீதானா?"

"ஆமாம்மா."

"முப்பத்தோரு வருஷமா இவரோட இருக்கேன். என்ன ஒருத்தரும் கேக்கலயே. வலிச்சா இடது காலு கட்டவிரல மடக்குவாரு. வலி வுட்டா நீட்டுவாரு. அவ்ளோதான். என்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

போ என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை.

பக்கிரி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்களும் தெரிந்தன. வலது பாதம் சாய்ந்து கிடந்தது. இடது காலின் கட்டைவிரல் உள்ளங்காலை நோக்கி இறுக மடங்கியிருந்தது. கார்குழலி அதையே பார்த்தார். நீளுமா என்று காத்திருந்தார். நீளவில்லை. செவிலியரைக் கூப்பிட வார்டின் கடைசிக்கு வேகமாக நடந்தார்.